பக்கமில்லாத சத்தம்

அண்ணை இறந்த கணம் எனக்குக் கேட்டது என்று எங்கள் வீட்டில் நம்பினார்கள். அம்மா நம்பினார். வேலணையிலிருந்து வந்து எங்கள் காரியங்களையெல்லாம் முன்னின்று நடத்தும் மாமா, அம்மாவின் தம்பி, எல்லோரையும்விட அதிகமாக நம்பினார். ஐயர் பஞ்சாங்கத்தைப் புரட்டித் திதி சொன்ன பிறகு, எங்கள் ஊர் சுருவிலில், எங்கள் ஒழுங்கையில் எஞ்சியிருந்த சில வீட்டுக்காரரும் நம்பினார்கள். அப்போது நானும் நம்பினேன். நம்ப மறுத்தவர் ஒருவர்தான். அவர் அண்ணையின் மனைவி, என் மச்சாள்.

அது ஆவணி மாதம், பள்ளிக்கூட விடுமுறை. ஊர்காவற்றுறையில் ஒரு பாடசாலையில் நான் தமிழ் படிப்பிக்கிறேன். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு விறாந்தையில் பாயைப் போட்டுப் படுத்தபடி வாசிப்பதற்காகவே விடுமுறை வருகிறது என்று நினைப்பவள். அன்றும் வாசித்துக்கொண்டிருந்தேன். எழுத்துகள் ஒன்றோடொன்று ஒட்டத் தொடங்கின. கை தளர்ந்து புத்தகம் நெஞ்சில் சாய்ந்ததுகூட எனக்குத் தெரிந்தது. அடுத்த நொடி என் தலைக்குள் ஏதோ வெடித்தது.

வெடித்தது என்பதற்குப் பதிலாக வேறொரு சொல்லைப் பல நாள் தேடியிருக்கிறேன். கிடைக்கவில்லை. தகரப் பீப்பா ஒன்றை உயரத்திலிருந்து சீமெந்துத் தரையில் போட்டால் எழும் சத்தம். அந்தப் பீப்பாவுக்குள்ளேயே நான் இருந்தால் எப்படியோ அப்படி. மூடிய கண்ணுக்குள் வெள்ளையாக ஒரு வெளிச்சம் அடித்து ஓய்ந்தது. வலி இல்லை.  நெஞ்சு அடித்த அடியில் சட்டை அசைந்தது. எரிவாயுச் சிலிண்டர் வெடித்துவிட்டது, அம்மா போய்விட்டார் என்று நினைத்துக் குசினிக்கு ஓடினேன்.

அம்மா பலகைக்கட்டையில் குந்தியிருந்து சுளகில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தார்.

“என்னம்மா வெடிச்சது?”

“என்ன வெடிச்சது?”

“உங்களுக்குக் கேக்கேல்லையோ?”

“ஒண்டும் கேக்கேல்லையே. பனம்பழம் விழுந்திருக்கும். ஆவணியல்லோ.” அம்மா சுளகைக் கீழே வைத்தார். “எந்தப் பக்கம் கேட்டது?”

யாழ்ப்பாணத்தை ஒட்டிய எங்கள் தீவுகளில் என் வயதுக்காரரும் மூத்தவர்களும் ஒரு சத்தத்தைக் கேட்டால் அது என்ன என்று முதலில் கேட்பதில்லை; எந்தப் பக்கம் என்றுதான் கேட்பார்கள். ஷெல் விழுந்த காலத்துப் பழக்கம் அது. சத்தம் கிழக்கே என்றால் மேற்கே ஓடவேண்டும். தூரத்தில் என்றால் சாப்பாட்டுக் கோப்பையில் இருக்கும் சோற்றைச் சாப்பிட்டு முடிக்கலாம். எழுத்துக் கூட்டி வாசிக்கப் பழகுவதற்கு முன்பே இதைப் பழகியிருந்தோம். சண்டை முடிந்து இவ்வளவு காலமாகியும், திருவிழாவில் யாராவது சீனவெடி கொளுத்தினால் எங்கள் தலைகள் தாமாகத் திரும்பிப் பக்கம் தேடும்.

அன்று நானும் தேடிப் பார்த்தேன். வளவின் கிணற்றுப் பக்கமா, றோட்டுப் பக்கமா, கடற்பக்கமா என்று ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தேன். எதுவும் பொருந்தவில்லை.

“பக்கமில்லையம்மா.”

“பக்கமில்லாமல் ஒரு சத்தமோ?” அம்மா சிரித்தார். “நித்திரை மயக்கத்திலை கனவு கண்டிருப்பாய். போய் முகத்தைக் கழுவு.”

அந்தச் சிரிப்போடு அது முடிந்திருக்க வேண்டும்.

அண்ணை அப்போது துருக்கிக் கரையில் இருந்தார். யாழ்ப்பாணத்தில் வயரிங் வேலை செய்துகொண்டிருந்தவர், கலியாணம் கட்டிய அடுத்த வருடமே ஏஜென்சிக்காரனை நம்பி வெளிநாட்டுக்கு வெளிக்கிட்டார். பல மாதங்கள், பல நாடுகள். கடைசியில் கடலைக் கடக்கப் படகு வரும்வரை ஒரு வீட்டில் பலரோடு அடைந்து கிடந்தார். அந்தச் சத்தம் கேட்ட அதே வாரத்தில்தான் அவருடைய அழைப்பும் வந்திருந்தது. தொலைபேசியை மச்சாள் கையில் பிடித்திருக்க, நாங்கள் மூன்று பேரும் அதன் மீது குனிந்து நின்றோம். “ரெண்டொரு நாளிலை ஏத்துவாங்களாம். போன் வேலை செய்யாது. பயப்பிடாதேங்கோ” என்றார். பிறகு என்னிடம், “தங்கச்சி, உன்ரை மச்சாளுக்குப் புத்தகத்தைக் குடுத்து வாசி வாசியெண்டு உயிரை எடுக்காதை” என்று சிரித்தார். அதற்குப் பிறகு அவர் குரல் எங்களுக்குக் கேட்கவில்லை.

ஏஜென்சிக்காரன் முதலில் கடல் சரியில்லை என்றான். பிறகு ஆட்களைப் பிடித்து முகாமில் வைத்திருக்கிறார்கள் என்றான். பிறகு அவனுடைய இலக்கமே இல்லாமல் போயிற்று. காரைநகரைச் சேர்ந்த ஒருவர் அண்ணையோடு அதே வீட்டில் இருந்தவர். அவர் கரை சேர்ந்து, நீண்ட நாட்களின் பின் எங்கள் இலக்கத்தைத் தேடிப் பிடித்து அழைத்தார். இரண்டு படகுகள் வெவ்வேறு நாட்களில் போனதாகவும், அண்ணை மற்றப் படகில் என்றும், அது எந்த நாள் என்று தனக்குத் தெரியாது என்றும் சொன்னார். அந்தப் படகைப் பற்றி ஒருவரும் ஒன்றும் கேள்விப்படவில்லை. அதைச் சொல்லிவிட்டு அவர் அழுதார்.

அந்த அழைப்பு முடிந்த பின்னேரம் மாமா விறாந்தைக் கதிரையில் விரல்களை மடித்து நாள் எண்ணிக்கொண்டிருந்தார்.  திடீரென்று நிமிர்ந்தார்.

“அக்கா, உவள் அண்டைக்கு ஏதோ சத்தம் கேட்டதெண்டு சொன்னவள் எல்லே?”

அம்மா திரும்பிப் பார்த்தார்.

“மருமோள், இஞ்சை வா. எந்தப் பக்கம் கேட்டது?”

“பக்கமில்லை மாமா.”

“கிட்டவோ, தூரவோ?”

“சொல்லத் தெரியேல்லை.”

“பாத்தியளோ அக்கா! ஊருக்குள்ளை கேட்ட சத்தமெண்டால் ஒரு பக்கம் இருக்கும். பக்கமில்லையெண்டால் அது இஞ்சத்தைச் சத்தமில்லை. கடலுக்கு அங்காலை இருந்து வந்தது.”

அம்மாவின் முகத்தை நான் பார்த்துக்கொண்டு நின்றேன். பனம்பழம் என்று தானே சொல்லிச் சிரித்த ஒன்று, அவர் கண்முன்னே வேறொன்றாக மாறியது.   பிறகு என் இரண்டு கைகளையும் பிடித்து, “உனக்குத்தான் சொல்லிப்போட்டுப் போயிருக்கிறான்” என்றார்.   பல நூல்களை வாசித்தவள் நான். இல்லை என்று சொல்ல அந்தக் கணத்தில் ஒரு வரிகூட எனக்கு உதவவில்லை.

சத்தம் கேட்ட நாள் ஆவணி முதல் ஞாயிறு விரதநாள் என்று அம்மாவுக்கு நினைவிருந்தது. அதைக்கொண்டு ஐயர் திதி பார்த்தார். அபரபக்கத் தசமி, தேய்பிறையின் பத்தாம் நாள். நல்ல மனிதர் அவர், உடனே சம்மதிக்கவில்லை.

“இன்னும் கொஞ்சக் காலம் பொறுத்துப் பாப்பம் அம்மா. அப்பிடியில்லை, செய்யத்தான் வேணுமெண்டால், நாள் தெரியாத ஆக்களுக்கு அமாவாசையிலை செய்யலாம். சாத்திரத்திலை இடமிருக்கு.”

“ஆருமில்லாததுகளுக்கும் நாள் தெரியாததுகளுக்கும் பொதுவா இருக்கிற நாள் என்ரை பிள்ளைக்கு வேண்டாம் ஐயா,” என்றார் அம்மா. “அவனுக்கெண்டு ஒரு நாள் இருக்கு. தங்கச்சிக்குக் கேட்டிருக்கு.”

ஒரு வருடம் பொறுத்தார்கள். பிறகு தர்ப்பையில் உருவம் செய்து எரித்து, கீரிமலையில் அந்தியேட்டிக் கிரியையும் செய்தார்கள். அண்ணையின் படம் அப்பாவின் படத்துக்குப் பக்கத்தில் சுவரில் ஏறியது. கண்ணாடியில் சந்தனப் பொட்டு வைத்தது அம்மாதான்.

அந்தக் காரியத்துக்கு வந்த பெண்கள், மச்சாளைச் சுற்றி இருந்து தாலிக்கொடியைக் கழற்றும்படி சொன்னார்கள். கனிவாகத்தான் சொன்னார்கள். மச்சாள் புங்குடுதீவுக்காரி. குரலை உயர்த்தாதவர், எதிர்த்துப் பேசி நாங்கள் கேட்டதில்லை. அன்று எழுந்து குசினி வாசலில் போய் நின்று, எல்லோருக்கும் கேட்கும்படி என்னைப் பார்த்துச் சொன்னார்:

“சத்தம் கேட்டது உமக்கு. எனக்குக் கேக்கேல்லை. எனக்குக் கேக்கிற அண்டைக்குக் கழட்டுறன்.”

“கேக்கிறதுக்கு நீர் ஒரு கண் நித்திரை கொள்ளவேணுமே பிள்ளை,” என்றார் பெண்களில் ஒருவர்.

ஒருவரும் சிரிக்கவில்லை. ஏனென்றால் அது உண்மை. மச்சாள் நித்திரை கொள்வதை விட்டுவிட்டிருந்தார். அம்மா வற்புறுத்தவில்லை. ஆனால் தன் வீட்டில் தன் மகனுடைய திவசமும் மகனுடைய மனைவியின் தாலியும் ஒன்றாக இருப்பது அம்மாவைத் தின்றுகொண்டிருந்தது என்பதை நான் அறிவேன். மச்சாள் ஒவ்வொரு திவசத்துக்கும் விடிவதற்கு முன் எழுந்து, அத்தனை கறியும் தானே சமைப்பார். படைக்கிற நேரத்தில் மட்டும் கிணற்றடிக்குப் போய்விடுவார்.

எனக்குச் சத்தம் மீண்டும் கேட்கத் தொடங்கியது. இதை நாங்கள் ஒருவரும் எதிர்பார்த்திருக்கவில்லை. முதல் சத்தம் அண்ணை என்றால், இரண்டாவது யார்? அன்று அம்மா என் கையில் தொலைபேசியைத் திணித்து, லண்டனில் சின்னம்மா தொடக்கம் கனடாவில் ஒன்றுவிட்ட அண்ணைமார் வரைக்கும் எல்லோருக்கும் எடுக்கச் சொன்னார். அங்கே விடியாத நேரம். ஒவ்வொருவராக எழும்பி, “இருக்கிறன், இருக்கிறன்” என்று உறுதி சொன்னார்கள். ஒருவரும் இறக்கவில்லை. மாமா அடுத்த முறை வந்தபோது வாசலில் நின்றே கேட்டார்:

“என்ன மருமோள், நித்திரை கொள்ளப்போறியோ? சொல்லிப்போட்டுக் கொள். கனடாவிலை சனம் போனைத் தலைமாட்டிலை வைச்சுக்கொண்டு நடுங்குதாம்.”

நானும் சிரித்தேன். ஆனால் அதற்குப் பிறகு வந்த சத்தங்களை நான் வெளியே சொல்லவில்லை. சில சமயம் கதவை ஓங்கி அடித்தது போல. சில சமயம் கண்ணாடி அலுமாரி ஒன்று முகங்குப்புற விழுந்தது போல. ஒருமுறை யாரோ என் காதுக்குள்ளேயே ஒரே ஒரு எழுத்தைக் கத்தியது போல. திடுக்கிட்டு எழுந்து, பாயின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு, நெஞ்சு அடங்கும் வரை அசையாமல் இருப்பேன். மச்சாள் பார்த்துக்கொண்டுதான் இருப்பார். ஒரு வார்த்தை கேட்கமாட்டார். கண்ணால் மட்டும் கேட்பார். நான் இல்லை என்று தலையசைப்பேன். எதற்கு இல்லை என்று சொன்னேன் என்பது இருவருக்கும் தெளிவாகத் தெரியாது.

நித்திரைக்குப் பயந்து, அது உடம்பை வாட்டத் தொடங்கிய பிறகுதான் யாழ்ப்பாணத்தில் ஒரு டொக்டரிடம் போனேன். மூன்றாவது திவசத்துக்குச் சில நாட்கள் இருந்தன. டொக்டர் என்னைவிட இளைய பெண். நான் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டிருந்தார்.

“எந்தப் பக்கத்துக் காதிலை கேக்கிறது?”

“பக்கமில்லை டொக்டர்.”

அவர் எழுதுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தார். இந்த இடத்தில் மாமாவுக்கு வந்தது போல ஒரு வெளிச்சம் அவர் முகத்திலும் வந்தது. 

“நித்திரை வாற நேரத்திலை மட்டுந்தானே? நோவு இல்லைத்தானே? ஒருக்கால் அடிச்சிட்டு நிண்டிடும்?”

“ஓம்.”

“அப்ப பயப்பிட ஒண்டுமில்லை ரீச்சர். வெளியிலை இருந்து வாற சத்தத்துக்குத்தான் பக்கம் இருக்கும். இது உள்ளுக்கை. நித்திரை வரேக்கை மூளை ஒவ்வொரு பகுதியா அடங்கும். சிலநேரம் கேக்கிற பகுதி அடங்காமல், ஒரேயடியா முழிச்சு அடிக்கும். அப்பிடித்தான் நினைக்கினம், முழுசா ஒருத்தருக்கும் தெரியாது. இதுக்குப் பேரே வெடிக்கிற தலை எண்டுதான் வைச்சிருக்கினம். பேரைக் கேட்டுப் பயந்திடாதேங்கோ, ஒண்டும் வெடிக்காது.” சிரித்தார். “கன பேருக்கு வாறது. விசரெண்டு சொல்லுவினமெண்டு வெளியிலை சொல்லுறேல்லை. நித்திரை குறைஞ்சால், யோசனை கூடினால் வரும். முதல்முதல் வந்த நேரம் வீட்டிலை ஏதும் யோசனை இருந்ததோ?”

இருந்தது என்றேன்.

திரும்பி வரும் வழியில், பண்ணைப் பாலத்தில் பஸ் போய்க்கொண்டிருந்தபோது என் உடம்பு முதலில் இலேசானது. எனக்கு நோயில்லை, விசரில்லை, எவருடைய சாவும் என் தலைவழியாக வந்து போகவில்லை. சன்னலுக்கு வெளியே இரண்டு பக்கமும் கடல் முழங்கால் ஆழத்தில் அசையாமல் கிடந்தது. அப்போதுதான் மற்றது புரிந்தது. அப்படியென்றால் அந்த ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் அண்ணைக்கு என்ன நடந்தது? ஒன்றும் நடக்காமல் இருந்திருக்கலாம். அந்த நேரத்தில் அவர் அந்த வீட்டில் பாண் துண்டைத் தேத்தண்ணியில் தோய்த்துத் தின்றுகொண்டு இருந்திருக்கலாம். சீட்டு விளையாடி இருக்கலாம். நித்திரையாகக்கூட இருந்திருக்கலாம். பாயில் படுத்திருந்த எனக்கு நித்திரை சரியாக வராத ஒரு நொடியைக் கொண்டு, உயிரோடு இருந்த ஒருவருக்கு நாங்கள் இறந்த நாள் குறித்திருக்கிறோம். முன்னால் இருந்த கம்பியைப் பிடித்த என் கை, வேலணையில் ஆட்கள் இறங்கி ஏறிய பிறகும் விடவில்லை.

அம்மாவிடம் எப்படிச் சொல்வது? வருடம் முழுவதும் கண்ணீர் விடாத மனுசி அவர். அந்த ஒரு நாளில், படையலுக்கு முன்னால் இருந்து, வயிறு எரிய அழுவார். அடுத்த நாள் எழுந்து முற்றம் கூட்டுவார். அந்த ஒரு நாள்தான் அவரை மற்ற நாட்களில் நடக்க வைத்தது. திவசம் முடியட்டும், பிறகு சொல்லலாம் என்று முடிவு செய்துகொண்டு வீட்டுக்குள் நுழைந்தேன். டொக்டர் என்ன சொன்னார் என்று மச்சாள் கேட்டார். குளிசை தந்திருக்கிறா என்றேன். அதுவும் பொய்யில்லை.

திவசத்தன்று காலை வெய்யில் ஏறியிருந்தது. கறிகள் முடிந்திருந்தன. வடைக்கு உழுந்து அரைத்துச் சட்டியில் மூடி வைத்திருந்தது. அம்மா கிணற்றடியில் தலைவாழை இலை கழுவிக்கொண்டிருந்தார். ஐயர் வரக் கொஞ்ச நேரம் இருந்தது. விடிவதற்கு முதலே அடுப்படியில் நின்ற மச்சாள், விறாந்தைச் சுவரில் முதுகைச் சாய்த்து ஒரு நிமிடம் இருந்தார். நான் எதிரே இருந்து பூ ஆய்ந்துகொண்டிருந்தேன். அவருடைய தலை மெல்லச் சாய்ந்தது. அவர் நித்திரையாவதை எத்தனையோ காலத்துக்குப் பிறகு பார்க்கிறேன் என்று நினைத்து, மூச்சைக்கூட அடக்கிக்கொண்டேன்.

மச்சாள் கத்தினார். கத்திக்கொண்டே எழுந்து, சுவரில் தோள் இடிபட, குசினிக்குள் ஓடினார். சட்டி, அடுப்பு, சிலிண்டர் எல்லாவற்றையும் தொட்டுப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்து என் முன்னால் நின்றார். முகத்தில் இரத்தமில்லை.

“என்ன விழுந்தது?”

“ஒண்டும் விழேல்லை மச்சாள்.”

“உமக்குக் கேக்கேல்லையோ?”

“இல்லை.”

எனக்குத் தெரிந்திருந்தது. தெரிந்திருந்தும், பிறவியிலேயே எங்களுக்குள் ஊறிப்போன அந்தக் கேள்வியைத்தான் என் வாய் கேட்டது: “எந்தப் பக்கம்?”

அவர் யோசித்தார். இடமும் வலமும் பார்த்தார். கண்கள் பெரிதாகிக்கொண்டே போயின.

“பக்கமில்லை,” என்றார். பிறகு மிக மெதுவாக, “சொன்னனான்தானே. கேக்கிற அண்டைக்கு எண்டு சொன்னனான்தானே” என்றபடி கையைக் கழுத்துக்குக் கொண்டுபோனார்.

நான் மடியிலிருந்த பூவெல்லாம் சிதற எழுந்து அவர் கையைப் பிடித்தேன். அவர் உதறினார். தாலிக்கொடி கொண்டையில் சிக்கியது. நான் விடவில்லை. இரண்டு பெரிய பெண்கள், திவச வீட்டில், விறாந்தை நடுவில் மல்லுக்கட்டிக்கொண்டு நின்றோம். மெல்லிய குரல்காரியான அவர், “விடும்! விடும் என்னை! இண்டைக்கு அவரின்ரை நாள்! இண்டைக்கே கேட்டிட்டுது!” என்று கத்தினார். நானும் கத்தினேன்:

“அது அவரில்லை மச்சாள்! அது ஆருமில்லை! நித்திரை வரேக்கை மூளைக்குள்ளை அடிக்கிற சத்தமாம். டொக்டர் சொன்னவ. கன பேருக்கு வாறதாம். ஒண்டுமில்லையாம் மச்சாள், அது வெறும் சத்தம்!”

அவருடைய கை தளர்ந்தது. என்னைத்தான் பார்க்கிறார் என்று நினைத்தேன். அவர் பார்த்தது என் தோளுக்கு மேலாக. திரும்பினேன். பின்வாசலில், கழுவிய இலையிலிருந்து தண்ணீர் சொட்ட, அம்மா நின்றார்.

“டொக்டர் அப்பிடியோ சொன்னவ?”

“ஓம் அம்மா.”

“அப்ப அண்டைக்கு உனக்குக் கேட்டது?”

 அப்போது மச்சாள் செய்ததை இன்று நினைத்தாலும் எனக்குத் திகைப்புத்தான். கலைந்த தலையோடு, கழுத்தில் கொடி இழுபட்டுச் சிவந்த கோட்டோடு, அவர் அம்மாவிடம் போனார். அவசர அவசரமாகச் சொன்னார்:

“உங்கடை மகளுக்குக் கேட்டது வேறை மாமி. அது அவர்தான். அது உண்மை. எனக்குக் கேட்டதுதான் சும்மாச் சத்தம். நித்திரை இல்லையெல்லே, அதாலை. ஐயர் வரப்போறார், நீங்கள் வாங்கோ.”

அந்த நாளை ஒருபோதும் ஒப்புக்கொள்ளாதவர், அது அம்மாவின் கையிலிருந்து நழுவுவதைக் கண்டதும் ஓடிப்போய்த் தாங்கிப் பிடித்தார்.

அம்மா அவருடைய முகத்தைப் பார்த்தார். கழுத்தைப் பார்த்தார். ஈரக் கையால் கொண்டையில் சிக்கியிருந்த கொடியை மெதுவாக எடுத்துச் சரிப்படுத்திவிட்டார்.

“விசர்க்கதை கதையாதை பிள்ளை. ரெண்டும் ஒண்டுதான்.”

பிறகு குசினிக்குள் போனார். சட்டியின் மூடியைத் திறந்து பார்த்தார்.

“உழுந்து புளிச்சிடும். வெங்காயத்தை வெட்டிப் போடு.”

திவசத்துக்குச் சுடுகிற வடையில் வெங்காயம் சேர்ப்பதில்லை. வெங்காயம் விழுந்தால் அது வெறும் வடை. எந்த நாளும் எவரும் சுட்டுத் தின்கிற வடை. மச்சாள் மூடியை எடுத்துச் சட்டியை மறுபடி மூடினார்.

“மாமி, வேண்டாம்.”

“போடு பிள்ளை. பச்சை மிளகாயும் போடு. தங்கச்சி, நீ ஐயருக்குப் போனை எடு, வரவேண்டாமெண்டு சொல்லு.”

ஐயர் வெளிக்கிட்டுக்கொண்டிருந்தார். நான் தட்டுத்தடுமாறிச் சொன்னதைப் பொறுமையாகக் கேட்டு, “அப்ப அமாவாசையிலை செய்யிறதெண்டால் சொல்லுங்கோ அம்மா” என்றார். அம்மாவைப் பார்த்தேன். அவர் தலையை இல்லை என்று ஆட்டினார். வெங்காயம் வெட்டிய மச்சாளின் கண்களிலிருந்து நீர் வடிந்துகொண்டிருந்தது. அது எதனால் என்று கேட்க அந்தக் குசினியில் யாருக்கும் அவசியம் இருக்கவில்லை.

மாமா மோட்டார்சைக்கிளை நிறுத்திவிட்டு மூக்கை உறிஞ்சிக்கொண்டு வந்தார்.

“என்னக்கா, திவச வீட்டிலை வெங்காயம் மணக்குது! ஐயர் எங்கை?”

“வரமாட்டார். கையைக் கழுவிப்போட்டு இரு.”

“என்ன நடந்தது?”

“அண்டைக்கு ஒண்டும் நடக்கேல்லையாம். உவளின்ரை தலைக்குள்ளைதானாம் கேட்டது.”

மாமா என்னைப் பார்த்தார். எதற்கும் ஒரு கதை வைத்திருக்கிற மனிதர், கதிரையின் கையைப் பிடித்துக்கொண்டு மெல்ல இருந்தார்.

“அப்ப பெடியன்?”

“தெரியாது,” என்றார் அம்மா.

அந்தச் சொல்லை அம்மா அதற்கு முன் ஒருமுறைகூடச் சொன்னதில்லை. சொன்ன பிறகு, தான் சொன்னது தனக்கே கேட்டது போல, அடுப்பைப் பார்த்தபடி நின்றார். பிறகு எண்ணெயில் பொரிந்த வடைகளைத் திருப்பிப் போட்டார். நாங்கள் நால்வரும் சுடச்சுட அந்த வடைகளைச் சாப்பிட்டோம். நல்ல ருசி. அதுவும் எனக்கு அதிர்ச்சியாக இருந்தது.

பின்னேரம் அம்மா கதிரையில் ஏறி, அண்ணையின் படத்தைச் சுவரிலிருந்து கழற்றினார். ஈரத் துணியால் கண்ணாடியிலிருந்த பொட்டைத் துடைத்தார். காய்ந்த சந்தனம் எளிதில் போகவில்லை, நகத்தால் சுரண்டினார். படத்தை அலுமாரியில், கலியாண அல்பத்துக்குப் பக்கத்தில் வைத்தார். ஆணி அடித்த இடத்தில் இருந்த ஓட்டையை மச்சாள் சுண்ணாம்பால் அடைத்தார்.

டொக்டர் சொன்னது சரிதான்; நித்திரை கொள்ளத் தொடங்கிய பிறகு மச்சாளுக்கு அந்தச் சத்தம் வரவில்லை. எனக்கு இடைக்கிடை வருகிறது. திடுக்கிடுகிறேன்; பிறகு மறுபக்கம் திரும்பிப் படுக்கிறேன். அம்மாவுக்குத்தான் அழுவதற்கு நாளில்லாமல் போயிற்று. அதற்குப் பிறகு வந்த முதல் இரண்டு ஆவணியும் என்ன செய்வது என்று தெரியாமல் வளவைச் சுற்றிச் சுற்றி நடந்தார். இப்போது தொலைபேசி அடித்தால் எல்லோருக்கும் முதல் எழுந்து போகிறார். அதை நாங்கள் பார்க்காதது போல இருக்கிறோம். மச்சாளின் தாய்வீட்டார் இரண்டு முறை வந்து, வேறொரு வாழ்க்கையைப் பற்றிப் பேசினார்கள். அம்மா அவரிடம், “நீர் போறதெண்டால் நான் மறிக்கமாட்டன், இருக்கிறதெண்டாலும் மறிக்கமாட்டன்” என்றார். மச்சாள் அவர்களுக்குத் தேத்தண்ணி கொடுத்து, படலை வரைக்கும் போய் வழியனுப்பிவிட்டுத் திரும்பி வந்தார்.

அண்ணை இருக்கிறாரா என்பது எங்களுக்குத் தெரியாது. இந்த வீட்டில் அம்மாவும் மச்சாளும் நானும் இருக்கிறோம்.